பிரிந்து வாழும் தந்தை பிள்ளைகளுக்குத் தரவேண்டிய பணம் பிரித்தானியாவில் எப்படிக் கணக்கிடப்படுகிறது

அன்புள்ள சகோதரி,

திருச்சியிலிருந்து தாதி வேலைக்காக லண்டனுக்கு வந்ததாகவும், தம் சொந்த வேலை விசாவில் இங்கேயே இருக்கும் கணவர் சில மாதங்களுக்கு முன் பிரிந்து வேறு வீட்டுக்குச் சென்றுவிட்டதாகவும், ஆறும் ஒன்பதும் வயதான பிள்ளைகள் இருவரும் உங்களோடு இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவரைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கும் உங்களுக்கு அவரிடம் பணம் கேட்க உரிமை உண்டா, கேட்டால் விசாவுக்குக் கேடு வருமா, தொகையை யார் எப்படி முடிவு செய்கிறார்கள் என்பவை உங்கள் கேள்விகள். நீண்ட காலமாக இங்கு வாழ்பவள் என்ற முறையிலும், எங்கள் ஆட்களில் பலரோடு இந்தப் படிவங்களை நிரப்ப அமர்ந்தவள் என்ற முறையிலும் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் விசாவில் அரசின் பொது நிதியைப் பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். பிள்ளைகளுக்காகத் தந்தை தரும் பணம் அரசின் நிதி அன்று. அவர் உழைத்துப் பெற்ற வருமானத்தின் ஒரு பகுதி. ஆகவே அதைக் கேட்பதோ, அதற்காகச் சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ் என்ற அரசுச் சேவையில் விண்ணப்பிப்பதோ அந்த நிபந்தனையை மீறுவதாகாது. பெறும் தொகைக்கு நீங்கள் வருமான வரி கட்டவேண்டியதும் இல்லை. ஆனால் நீங்களும் பிள்ளைகளும் அவரும் பிரித்தானியாவை வழக்கமான வாழிடமாகக் கொண்டிருக்க வேண்டும். அவர் ஊரோடு திரும்பிவிட்டால் இந்தச் சேவை பொதுவாகக் கணக்கிடாது. அப்போது நீதிமன்ற வழியைத்தான் நாட வேண்டும்.

அடுத்தது, உறவினர் உங்களைக் குழப்பியிருக்கும் இடம். பிரித்தானியக் கணக்கில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரின் சம்பளம் எங்கும் நுழைவதில்லை. நீங்கள் அவரைப்போல் இரு மடங்கு சம்பாதித்தாலும், ஒன்றுமே சம்பாதிக்காவிட்டாலும் அவர் தரவேண்டிய தொகை ஒன்றுதான். சிட்னியில் இருக்கும் உங்கள் மைத்துனி "இருவர் வருமானத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்" என்று சொன்னதில் தவறில்லை. ஆஸ்திரேலியாவின் கணக்கு முறை அது. கனடாவில் இருப்பவர்களோ மாகாணவாரியான அட்டவணையைப் பற்றிப் பேசுவார்கள். அந்தந்த நாட்டுக்கு அது சரி, உங்களுக்குப் பொருந்தாது. கூடுதலாகச் சம்பாதிக்கும் தாய்க்கும் முழுத் தொகை கிடைப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்தில் நியாயமே. பிள்ளைகள் எந்த வீட்டில் வளர்கிறார்களோ அந்த வீட்டின் வாடகையிலும் மின்சாரத்திலும் உணவிலும், இரவுப் பணிக்குப் போகும்போது பிள்ளை பார்ப்பவருக்குக் கொடுக்கும் கூலியிலும் உங்கள் பங்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது.

இனிக் கணக்கு. அவர் சொல்லும் சம்பளத்தை வைத்து இது தொடங்குவதில்லை. வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யிடம் கடைசி முழு வரி ஆண்டுக்கு என்ன வருமானம் பதிவாகியிருக்கிறதோ அதைச் சேவையே நேரடியாகப் பெற்றுக்கொள்கிறது. வரியும் தேசியக் காப்புறுதியும் கழிப்பதற்கு முந்தைய தொகை அது. ஓய்வூதியத்துக்கு அவர் கட்டுவது மட்டும் அதிலிருந்து கழிக்கப்படும். அதை வாரக் கணக்காக்கி, வாரம் 200 முதல் 800 பவுண்டு வரையான வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், இருவருக்கு 16, மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு 19 சதவீதம் என்று எடுக்கிறார்கள். 800-க்கு மேல் 3,000 வரையான பகுதிக்கு மட்டும் முறையே 9, 12, 15 சதவீதம். வாரம் 200-க்குக் குறைந்த வருமானத்துக்கும், அரசின் உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கும் வேறு சிறிய விகிதங்கள் உண்டு. உங்கள் கணவருக்கு அவை பொருந்தா.

15, 20, 25 சதவீதம் என்று யாரேனும் உங்களுக்குச் சொன்னால், 2003-இல் வந்த பழைய திட்டத்தைச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். வரி போக மிஞ்சிய சம்பளத்தின் மீது போட்ட கணக்கு அது. 2012-இல் தொடங்கிய இன்றைய முறையோ வரிக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கிறது.

அவருடைய ஆண்டு வருமானம், ஓய்வூதியப் பங்களிப்பு போக, 36,400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 700 ஆகிறது. இரு பிள்ளைகளுக்கு 16 சதவீதம் என்றால் 112 பவுண்டு. பிள்ளைகள் ஓரிரவும் அவரிடம் தங்குவதில்லை என்றால் அவர் வாரந்தோறும் தரவேண்டியது இதுதான், மாதத்துக்கு ஏறக்குறைய 485.

பெரும்பாலான சச்சரவு எழுவது இதற்கு அடுத்த படியில், இரவுகளை எண்ணுவதில். ஓராண்டில் 52 முதல் 103 இரவுகள் வரை பிள்ளைகள் அவரிடம் தங்கினால் ஏழில் ஒரு பங்கு குறையும்; 112 என்பது 96 ஆகிவிடும். 104 முதல் 155 வரை என்றால் ஏழில் இரண்டு பங்கு குறைந்து 80. 156 முதல் 174 வரை ஏழில் மூன்று. 175 அல்லது அதற்கு மேல் என்றால் பாதியாகி, அதிலும் பிள்ளைக்கு 7 பவுண்டு வீதம் குறைந்து 42-க்கு வந்து நிற்கும். பகலில் பூங்காவுக்கு அழைத்துப் போவதும், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிடுவதும் பிள்ளைகளுக்கு எவ்வளவு நல்லவையானாலும் இந்தக் கணக்கில் வருவதில்லை. இரவில் தங்குவது மட்டுமே வரும். பகிர்ந்து பார்த்துக்கொள்கிறோம் என்பதில் இருவரும் உடன்பட்டு, எண்ணிக்கையில் மட்டும் முரண்பட்டால், வாரம் ஓரிரவு என்று சேவை எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே இன்றே ஒரு நாட்காட்டியில் பிள்ளைகள் எங்கே உறங்கினார்கள் என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். குறைவாகக் காட்டுவதற்காக அவர்களைத் தந்தையிடம் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள் என்பதையும் மனம்விட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளைகளைப் பார்க்கவிடாமல் தடுக்கக்கூடாது. பிள்ளைகளைப் பார்க்கவிடவில்லை என்பதற்காக அவர் பணத்தை நிறுத்தவும் கூடாது. பிள்ளைகளைச் சந்திப்பது பற்றிய வழக்கைக் குடும்ப நீதிமன்றம் தனியாகப் பார்க்கும்.

நாளை அவர் வேறொரு துணையோடு வாழ்ந்து, அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால், அவருடைய வருமானத்தில் 11 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவார்கள். 700 பவுண்டு 623 ஆகும். உங்கள் பிள்ளைகளுக்கு உரியது, இரவுகளைக் கழிக்குமுன், 99 பவுண்டு 68 பென்ஸ். இதைக் கேட்டுப் பல தாய்மார் மனம் வெதும்புவதை அறிவேன். அந்தப் பிள்ளையும் உண்ண வேண்டும் அல்லவா என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

ஊரில் இருக்கும் தம் பெற்றோருக்கு அனுப்பும் பணம், கார்க் கடன், சீட்டுக்குக் கட்டும் தொகை ஆகியவற்றைக் கழித்துவிட்டுத்தான் தருவேன் என்று அவர் சொல்லியிருக்கிறாராம். சேவை அவற்றைக் கழிப்பதில்லை. பிள்ளைகளைப் பார்க்க வருவதற்கான பயணச் செலவு, நீங்கள் சேர்ந்து வாழ்ந்தபோது குடும்பத்துக்காக வாங்கிய கடன் போன்ற சிலவற்றை மட்டும், ஒவ்வொன்றும் வாரம் 10 பவுண்டுக்கு மேற்பட்டால், அவர் தனியாக விண்ணப்பித்துக் கருத்தில் கொள்ளச் சொல்லலாம். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிள் பராமரிப்புப் பணத்துக்கு ஈடாகாது. மறுபக்கம், சம்பளம் தவிர வாடகை, வட்டி, பங்காதாயம் முதலிய வருமானம் அவருக்கு ஆண்டுக்கு 2,500 பவுண்டுக்கு மேல் இருந்தால், அதையும் சேர்க்கும்படி நீங்கள் கேட்கலாம். நீங்கள் கேட்டால்தான் பார்ப்பார்கள், தானாகச் சேர்ந்துவிடாது.

இருவரும் பேசி முடிவு செய்ய முடிந்தால் எந்த அலுவலகமும் வேண்டியதில்லை. அரசின் இணையதளத்தில் உள்ள கணக்கிடும் கருவியில் விவரங்களை இட்டு, வரும் தொகையை அடிப்படையாக வைத்துப் பேசுங்கள். பேச முடியாத நிலை என்றால் தயங்காமல் சேவையில் விண்ணப்பியுங்கள். முன்பிருந்த 20 பவுண்டு விண்ணப்பக் கட்டணத்தை 2024-இல் நீக்கிவிட்டார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேவை அவருக்கு அறிவிக்கும் நாளிலிருந்துதான் தொகை சேரத் தொடங்கும். "பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பொறுத்திரு" என்று கேட்டு நீங்கள் காத்திருக்கும் மாதங்களுக்கான பணத்தைப் பிறகு இந்தச் சேவை வழியாகப் பெற முடியாது. பெரியவர்கள் பேசட்டும், விண்ணப்பம் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தொகையைச் சேவை கணக்கிட்டுத் தர, அவர் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் இருவருக்கும் கட்டணம் இல்லை. அவர் ஒழுங்காக அனுப்பாவிட்டால் சேவையே வசூலித்துத் தரும். அதற்கு அவரிடம் 20 சதவீதம் கூடுதலாகவும் உங்களிடம் 4 சதவீதமும் எடுத்துக்கொள்ளும். 96 பவுண்டுக்கு அவர் 115 பவுண்டு 20 பென்ஸ் கட்ட, உங்களுக்கு 92 பவுண்டு 16 பென்ஸ் வரும். அப்போதும் தராவிட்டால் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும்படி அவருடைய முதலாளிக்கு உத்தரவிடும் அதிகாரம் சேவைக்கு உண்டு.

ஆண்டுக்கு ஒருமுறை புதிய வருமான விவரத்தோடு தொகையைத் திருத்துவார்கள். இடையில் அவர் வருமானம் 25 சதவீதமாவது கூடினாலோ குறைந்தாலோ தவிர அதற்காக மாற்றமாட்டார்கள். அவர் அண்மையில் வேலை மாறியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். கடந்த வரி ஆண்டின் எண்ணுக்கும் இன்றைய சம்பளத்துக்கும் அவ்வளவு இடைவெளி இருப்பது தெரிந்தால், அதை விண்ணப்பத்தின்போதே சொல்லிவிடுங்கள். அவருடைய முழுப் பெயர், முகவரி, வேலை செய்யும் இடம், தெரிந்தால் தேசியக் காப்புறுதி எண் ஆகியவற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகவரி அவருக்குத் தெரியக்கூடாது என்றிருந்தால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே கூறுங்கள். எந்த ஊர்க் கிளை என்று காட்டாத வங்கிக் கணக்கு வழியாகப் பணம் பெறும் ஏற்பாட்டை அவர்கள் விளக்குவார்கள்.