மூதாதையரைத் தேடும் நிகழ்ச்சிகள்

கேள்வி: பிரிட்டனில் பிரபலங்களின் மூதாதையரைத் தேடும் தொலைக்காட்சித் தொடருக்கு ஏன் இத்தனை ஈர்ப்பு?

பதில்: 2004இல் பிபிசி தொடங்கிய ‘ஹூ டூ யூ திங்க் யூ ஆர்?’ தொடரில், நடிகர் டேனி டையர் தாம் மன்னர் மூன்றாம் எட்வர்டின் வழித்தோன்றல் என்று 2016இல் அறிந்து திகைத்தார். எனினும் என் மனத்தில் நிற்பது அதுவன்று. அரசியல் தலைவர்களைக் கேள்விகளால் திணறடித்த தொலைக்காட்சிப் பேட்டியாளர் ஜெரமி பாக்ஸ்மன், கிளாஸ்கோவில் பல குழந்தைகளுடன் வறுமையில் வாடிய தம் கொள்ளுப்பாட்டி, மணவுறவுக்கு வெளியே ஒரு குழந்தை பெற்றார் என்பதற்காக அவருக்கான ஏழையர் உதவி நிறுத்தப்பட்டதை அறிந்து, 2006இல் ஒளிபரப்பான பகுதியில் கண்கலங்கினார். எவரோ ஓர் அலுவலர் உணர்ச்சியின்றி எழுதிவைத்த பதிவேட்டு வரிகள், தலைமுறைகள் கடந்து அந்தப் பெண்ணின் கொள்ளுப்பேரனை அழவைக்கின்றன. அரச மரபைக் கண்டறிவதைவிட, மறக்கப்பட்ட அந்த ஏழைப் பெண்ணுக்கு அவர் சிந்திய கண்ணீரே நம்மைக் கட்டிப்போடுகிறது.