தலைப்பில் ‘தமிழ் இளைஞர்’ என்று போட்டது பற்றி

தம்பி, வெள்ளவத்தைக் கத்திக்குத்துச் செய்தியில் சந்தேகநபரான உங்கள் அண்ணாவை ‘தமிழ் இளைஞர்’ என்று தலைப்பிலேயே போட்டதை வாசிக்க எனக்கும் வயிறு எரிந்தது. அதே பக்கத்தில் கம்பஹா கொலைச் சந்தேகநபர் வெறும் ‘32 வயதுடையவர்’. இந்த வித்தியாசம்தான் உங்கள் முறைப்பாடு. அண்ணா செய்தாரா இல்லையா என்று முறைப்பாட்டுக் கடிதத்தில் வாதாடாதீர்கள், அது நீதிமன்றத்தின் வேலை.

பக்கத்தை முழுதாக, திகதி தெரிய எடுத்து வையுங்கள். இணையத்திலும் இருந்தால் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட். சத்தமில்லாமல் தலைப்பை மாற்றிவிடுவார்கள். முதலில் ஆசிரியருக்குப் பதிவுத் தபால். அசையாவிட்டால் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு, 2003இலிருந்து இருக்கிறது, தமிழிலேயே எழுதலாம். செய்திக்கு அவசியமில்லாமல் இனத்தைக் குறிப்பிடக்கூடாது என்பது பத்திரிகை ஆசிரியர்களின் சொந்த ஒழுக்கக்கோவை. தண்டம் விதிக்க ஆணைக்குழுவால் முடியாது, திருத்தம் கேட்கலாம். அனுப்புமுன் அண்ணாவின் சட்டத்தரணியிடம் கடிதத்தை ஒருக்கால் காட்டுங்கள்.