பி.எம்.எக்ஸ் (மேடுபள்ளத் தடத்தில் ஓடும் சின்னச் சக்கர சைக்கிள்) பந்தயம்: எந்த வயதுக்கு எந்த வகுப்பு?

கேள்வி: அக்கா, பையன் பிறந்தது 2017 டிசம்பர் 29. இன்னும் எட்டு வயசுதான். கிளப்பில் ஒன்பது வயசு வகுப்பில் போட்டிருக்காங்களே, தப்பா?

பதில்: தப்பில்லை. உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ கணக்குப்படி, போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிக்கணும். 2026-இல் 2017 போனால் 9. மாதமும் தேதியும் கணக்கில் வராது. இங்கே ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். பெற்றோர் அடிக்கடி கேட்பது, "தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கலாமா?" வேண்டவே வேண்டாம். சான்றிதழில் உள்ளதை அப்படியே கொடுங்க.

கேள்வி: மகள் 2016 அக்டோபர். எந்த வகுப்பு?

பதில்: 10.

கேள்வி: 2015 மார்ச் என்றால்?

பதில்: 11. மாதத்தை விட்டுடுங்க, ஆண்டை மட்டும் கழிங்க.

கேள்வி: எனக்கு அசல் பிறப்பு 1992 பிப்ரவரி. ஊரில் பள்ளியில் சேர்க்க 1991 ஜூன் என்று போட்டுட்டாங்க. பாஸ்போர்ட்டிலும் அதுதான். எதைக் கொடுப்பது?

பதில்: பாஸ்போர்ட்டில் உள்ளதை. அதன்படி உங்களுக்கு 35. உலகப் போட்டியில் வயதுவாரியாக ஓடும் சேலஞ்ச் பிரிவில், ஆண்கள் என்றால் 20 அங்குலச் சக்கரத்தில் 30–34 தாண்டி 35-க்கு மேற்பட்டோர் வகுப்புக்குப் போவீங்க. ஓரிடத்தில் 1991, இன்னோரிடத்தில் 1992 என்று மட்டும் எழுதாதீங்க. பெரிய சக்கரமான க்ரூஸரையும் யோசிங்க. அதில் ஆண்களை 35-க்கு மேலும் ஐந்தைந்து வயதாகப் பிரிப்பதால், நாற்பதைத் தாண்டினவங்க தங்கள் வயசுக்காரங்களோடவே ஓடலாம்.

கேள்வி: 17 வயசு மகன் ஜூனியரில் ஓடணுமா?

பதில்: கட்டாயமில்லை. ஜூனியர் 17–18, அது உலகப் பட்டத்துக்கான சாம்பியன்ஷிப் பிரிவு. சேலஞ்சில் 17–24 வகுப்பு இருக்கு. ஒரே போட்டியில் இரண்டிலும் 20 அங்குலத்தில் ஓட முடியாது.

கேள்வி: ஃப்ரீஸ்டைலுக்கு வயது விதி?

பதில்: அது சைக்கிளில் சாகசம் காட்டும் வேறு விளையாட்டு, என் துறை இல்லை. ஃப்ரீஸ்டைல் பயிற்சியாளரைக் கேளுங்க.

கேள்வி: அக்கா, நான் சண்டைக்கு வரேன். அமெரிக்காவில் யூஎஸ்ஏ பிஎம்எக்ஸ் என்ற அமைப்பின் போட்டியில் உண்மையான வயதைத்தானே பார்க்கிறாங்க? டிசம்பர் குழந்தையை ஏன் வருஷம் முழுக்கச் சின்னவனாகவே வச்சிருக்கணும்?

பதில்: நியாயமான சண்டை. போன வாரம் பந்தயம் தொடங்கும் கேட்டில் பார்த்தேன். முதல் தடத்தில் ஜனவரியில் பிறந்தவன், பக்கத்தில் அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் பிறந்தவன். சின்னவனின் ஹெல்மெட் மற்றவனின் தோளுக்குத்தான் வந்தது. கேட் விழுந்ததும் முதல் மேட்டுக்குள்ளேயே இரண்டு சைக்கிள் நீளம் பின்தங்கிட்டான். பிறந்தநாள் அன்று வகுப்பு மாறும் முறையில், பிறந்தநாளுக்கு முந்தைய மாதங்களிலாவது அவன்தான் வகுப்பில் மூத்தவன். பத்து வயதுக்குக் கீழே அதுதான் அன்பான முறை என்று நானும் நம்புறேன்.

கேள்வி: அப்போ மாத்தச் சொல்லலாமே?

பதில்: பருவத்தின் நடுவில் கூட்டாளிகளைப் பிரிஞ்சு புது வகுப்புக்குப் போற குழந்தையை நினைச்சுப் பாருங்க. உலகப் போட்டிக்கு வந்தால் அமெரிக்கக் குழந்தைக்கும் ஆண்டுக் கணக்குதான். கிளப் அளவில் முயற்சி செய்யலாம், நான் ஆதரிப்பேன்.

கேள்வி: 2018 நவம்பர்?

பதில்: 8. மேலே பாருங்க.

கேள்வி: டிசம்பர் பையனின் அப்பா மறுபடியும். சின்னவனா இருக்கானே, வளர்ந்தா சரியாகும்னு பெரிய சைக்கிள் வாங்கலாமா?

பதில்: கூடாது. பெடல் கீழே போகும்போது இடுப்பு சரியுதான்னு பாருங்க. சரிஞ்சா அந்த க்ராங்க் (பெடலைத் தாங்கும் கம்பி) அவனுக்கு நீளம். இன்றைய உயரத்துக்கு ஏத்த சைக்கிள் வாங்குங்க, அடுத்த வருஷம் விற்று மாத்திக்கலாம்.