கொண்டை ஊசி வளைவில் சிக்கிய கேசட்

கேள்வி: உங்களுக்குப் பிடித்த இசைத்தொகுப்பு எது? இப்போது எதைக் கேட்கிறீர்கள்?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986). தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை ஜே.எஸ். பாக் (Bach) அவர்களுக்கும் சமர்ப்பணம் செய்த, சினிமா சாராத தொகுப்பு. மாமாவின் வேனில் ஏற்காடு போகும்போதுதான் முதலில் கேட்டேன். 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலோ டேப் சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி மீட்டோம். அன்றிலிருந்து அந்தக் கசங்கிய இடத்தில் மட்டும் வி.எஸ். நரசிம்மனின் வயலின் கொஞ்சம் விசும்பும். இன்று போனில் துல்லியமாகத்தான் கேட்கிறது. காது அந்த விசும்பலைத் தேடுகிறதே!

இப்போதா? 'நத்திங் பட் விண்ட்' (1988), ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். மொட்டை மாடியில், சேர்வராயன் மலைமேல் விளக்குகள் தெரிகிற நேரத்தில். பக்கத்து வீட்டுக்காரர், "பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்கிறார்.