கலிஃபோர்னியாவில் சுறா மனிதரைக் கடித்துவிட்டு ஏன் தின்னாமல் போகிறது?

உறுதியான ஒரே விடை கிடையாது. அலைச்சறுக்குப் பலகையில் படுத்துக் கையால் துழாவுபவர், கீழே இருக்கும் வெள்ளைச் சுறாவுக்கு சீல் (கடல்நாய்) மாதிரி தெரிவார் என்பது ஒரு விளக்கம். கடித்துப் பார்க்கிறது, கொழுப்பில்லாத உடம்பு, விட்டுவிடுகிறது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் சேர்ந்ததாகவே படுகிறது. ஆனால் அந்த ஒரு கடியே தொடை ரத்த நாளத்தை அறுத்தால் போதும். சாவுக்குக் காரணம் ரத்தப்போக்குதான்.

மான்டரே விரிகுடா, ஃபாரலான் தீவுகள், பொடேகா விரிகுடா மூன்றுக்கும் இடைப்பட்ட கடலைச் 'சிவப்பு முக்கோணம்' என்பார்கள். யானை சீல்களைத் தேடி இலையுதிர் காலத்தில் பெரிய சுறாக்கள் அங்கே கூடும்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் கதை வேறு. 2019 முதல் 2021 வரை ட்ரோனில் படம்பிடித்தபோது, குட்டிச் சுறாக்கள் கூடும் இரண்டு இடங்களில் 97 சதவீத நாட்களில் அவை மனிதர்களுக்கு அருகிலேயே நீந்தின. பலகைக்கு அடியில் சும்மா கடந்து போயின. மேலே இருந்தவருக்குத் தெரியவே இல்லை!