மலைப்பள்ளியில் பிள்ளை, கடல் கடந்து பெற்றோர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறோம். சென்ற ஆண்டு ஜூனில் மகனை உதகைக்கு அருகேயுள்ள ஓர் உறைவிடப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்த்தோம். கணவர் மட்டும் வந்து விட்டுவிட்டுத் திரும்பினார். நானும் மகளும் அந்தப் பள்ளியை இன்னும் பார்த்ததில்லை. மகளுக்கு இங்கே ஜூலை, ஆகஸ்டில்தான் விடுமுறை என்பதால், ஜூலையில் பத்து நாட்கள் வர இருக்கிறோம். மகனுக்கு அப்போது வகுப்புகள் நடக்கும். அவனை ஒரு வாரம் வெளியே அழைத்து வந்து கொடைக்கானல், மூணாறு என்று சுற்றிக் காட்டலாமா? மழைக்காலத்தில் மலைப்பாதையில் போகலாமா? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?
- ஒரு வாசகி, ஷார்ஜா

பதில்: ஜூலையில் வருவது நல்ல முடிவு. ஆனால் ஒரு வாரம் வெளியே அழைத்துப் போகும் திட்டத்தைக் கைவிடுங்கள்; பெரும்பாலான உறைவிடப் பள்ளிகள் அதற்கு இசையவும் மாட்டா. வகுப்புகள் நடக்கும் காலத்தில் வார இறுதிகளில் ‘டே அவுட்’ என்றும், பள்ளியே குறித்துக் கொடுக்கும் சில நாட்களில் மட்டும் ‘நைட் அவுட்’ என்றும் பிள்ளையை வெளியே அழைத்துச் செல்ல அனுமதிப்பதே பொதுவான வழக்கம். விமானச் சீட்டை எடுத்துவிட்டுப் பிறகு பள்ளி நாட்காட்டியைத் தேடும் பெற்றோரே மிகுதி. நீங்கள் முதலில் விடுதிப் பொறுப்பாசிரியரான ஹவுஸ் மாஸ்டருக்கு மின்னஞ்சல் எழுதி, தேர்வோ வெளியூர்ப் போட்டியோ இல்லாத இரண்டு வார இறுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவற்றை வைத்துப் பயணத்தை அமையுங்கள்.

இரண்டு வார இறுதிகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பல மாதங்களுக்குப் பிறகு பெற்றோரைக் காணும் பிள்ளை, முதல் நாளில் ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்க்க வேண்டாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள், நண்பர்கள் பார்க்கிறார்களே என்று விறைப்பாக நிற்பார்கள், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்வார்கள். சிலர் வந்த தங்கையிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பார்கள். ‘பிள்ளை நம்மை மறந்துவிட்டான்’ என்று தாய்மார்கள் கண்கலங்குவது அந்த முதல் மாலையில்தான். முதல் வார இறுதியில் சனிக்கிழமை பார்த்து, ஞாயிறு மாலை கொண்டுபோய் விட்டுவிட்டு, நடுவிலுள்ள நாட்களில் நீங்கள் சொந்த ஊருக்குப் போய் உறவினரைப் பார்த்து வாருங்கள். அடுத்த சனிக்கிழமை நீங்கள் திரும்பி வரும்போது, அந்த ஐந்து நாட்களில் அவன் சொல்லச் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வரும். ஒரே மூச்சில் ஏழு நாட்கள் உடனிருப்பதைவிட, இப்படிப் பிரித்து இருமுறை பார்ப்பதே பயன் தருவதை விடுதிப் பொறுப்பில் இருந்த காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

கொடைக்கானலும் மூணாறும் வேண்டாம் என்பதற்குப் பாதையும் ஒரு காரணம். உதகையிலிருந்து அவ்விரு ஊர்களுக்கும் செல்ல, சமவெளிக்கு இறங்கி வேறொரு மலையில் மறுபடியும் ஏற வேண்டும். சேர்ந்திருக்கும் நேரத்தில் பாதி, காருக்குள் வாந்தியும் தூக்கமுமாகக் கழிந்துவிடும். உதகையிலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் ஒருமுறை போய் வாருங்கள். ஒரு டே அவுட்டுக்கு அதுவே போதும்.

மழையைப் பொறுத்தவரை, தென்மேற்குப் பருவமழையின் வேகம் நீலகிரியின் மேற்குப் பகுதியான கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி ஆகிய இடங்களில்தான் அதிகம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது நினைவிருக்கலாம். நீங்கள் வரும் மேட்டுப்பாளையம் - குன்னூர்ப் பாதைக்கு ஜூலையைவிட அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே மண்சரிவு அச்சத்தை மிகுதியாகத் தருவது. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த சரிவுகள் அப்படி நேர்ந்தவையே. எனினும் ஜூலையிலும் மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். குன்னூர்ப் பாதையில் தடை என்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாகவும் உதகைக்கு ஏறலாம். ஷார்ஜாவிலிருந்து கோவைக்கு நேரடி விமானம் இருப்பது உங்களுக்கு வசதி. ஆனால் இரவெல்லாம் விழித்துப் பயணம் செய்து இறங்கியவுடனே மலையேறாமல், சற்று ஓய்வெடுத்து, வெளிச்சம் இருக்கும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்துவிடுங்கள்.

2024 மே மாதத்திலிருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அதற்குக் கட்டணம் இல்லை. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 கொண்ட வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் அது தேவையில்லை. கோவையில் வாடகைக் கார் எடுத்தால், பாஸ் எடுத்தாகிவிட்டதா என்று ஓட்டுநரிடம் முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள்; கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு, இந்திய எண் இல்லாத கைப்பேசியில் விண்ணப்பிப்பது எளிதன்று. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால், எவர்சில்வர் பாட்டில்களில் தண்ணீர் கொண்டு வாருங்கள். உதகை 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஷார்ஜாவின் ஜூலை வெயிலிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு முதல் இரவில் லேசான தலைவலியும் தூக்கமின்மையும் வரக்கூடும். மகளுக்குக் கம்பளி ஆடையும் மழைக்கோட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பள்ளிக்குள் நுழைந்த பிறகு, சுற்றிக் காட்டும் வேலையை மகனிடம் விட்டுவிடுங்கள். அவன் கட்டில், அலமாரி, சாப்பிடும் மேசை, மாலையில் விளையாடும் மைதானம், பிடித்த மரம் என்று அவன் எதை முதலில் காட்டுகிறான் என்பதே உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும். அலமாரி கலைந்து கிடந்தால் அங்கேயே அடுக்கத் தொடங்கிவிடாதீர்கள்; அறையிலுள்ள மற்றப் பையன்கள் முன்னால் அவனுக்கு அது பெரிய அவமானம். வகுப்பாசிரியரைப் பார்க்கிற அளவுக்கு, விடுதியில் பிள்ளைகளின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் மேட்ரனைப் பார்ப்பதில் பெற்றோர் அக்கறை காட்டுவதில்லை. மதிப்பெண் விவரம் மின்னஞ்சலில் வந்துவிடும்; இரவில் தூங்குகிறானா, காய்கறி சாப்பிடுகிறானா, காலணி சிறிதாகிவிட்டதா, உடம்பு சரியில்லாதபோது யாரிடம் போய்ச் சொல்கிறான் என்பவை மேட்ரனுக்குத்தான் தெரியும். அவரோடு அரை மணி நேரமாவது தனியே பேசுங்கள்.

ஒரு காகித வேலையையும் இந்த வருகையிலேயே முடித்துவிடுங்கள். அவசர மருத்துவச் சிகிச்சைக்கு உங்கள் சார்பில் ஒப்புதல் தரும் உரிமையை லோக்கல் கார்டியனுக்கும் பள்ளிக்கும் வழங்கி, நீங்களும் கணவரும் கையெழுத்திட்ட கடிதம் பள்ளிக் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டியன் கோவையிலோ குன்னூரிலோ இருப்பவராக இருந்தால் நல்லது. சென்னையிலுள்ள சித்தப்பா பெயரளவுக்குத்தான் பயன்படுவார். தொலைவிலிருக்கும் பெற்றோர் இந்த மலைப்பள்ளிகளுக்குப் புதியவர்கள் அல்லர்: லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகவும், இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகவும் தொடங்கப்பட்டவை. ஆகவே பழைய பள்ளி எதிலும் இதற்கான படிவம் இருக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

பேரீச்சம்பழமோ சாக்லேட்டோ கொண்டுவந்தால் அந்த டார்மிட்டரி முழுவதற்கும் போதுமான அளவு கொண்டு வாருங்கள். முந்திரி, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறானா என்று முன்பே கேளுங்கள். விலையுயர்ந்த கைக்கடிகாரம், விளையாட்டுக் கருவி ஆகியவற்றை ஊரிலேயே வைத்துவிடுங்கள். விடைபெறும்போது நேரத்தை நீட்ட வேண்டாம். இரவு உணவு மணிக்கு அரை மணி முன்னதாக விட்டுவிட்டால், அழுகை வந்தாலும் மணியடித்ததும் நண்பர்களோடு சாப்பிடப் போய்விடுவான். அடுத்து எந்த நாளில் தொலைபேசியில் பேசுவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ‘சீக்கிரம் வருகிறோம்’ என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளை தினமும் எதிர்பார்ப்பான்.

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறோம். மகள் மதனபள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். செப்டம்பரில் வருகிறோம் என்றதும், ‘அந்த வாரம் எங்களுக்கு நாடக ஒத்திகை, அடுத்த வாரம் வாருங்கள்’ என்கிறாள். மனம் வருந்துகிறது. கும்பகோணத்திலிருக்கும் என் மாமியாரும் உடன்வர விரும்புகிறார். பயணம் அவருக்குத் தாங்குமா?
- ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: வருந்த வேண்டியதில்லை. பதினான்கு வயதுப் பெண், தனக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது, தான் இல்லாவிட்டால் மற்றவர்களுக்குத் தடங்கலாகும் என்று நினைப்பது அவள் அந்த இடத்தில் வேரூன்றிவிட்டதைக் காட்டுகிறது. விமானச் சீட்டை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால், ஒத்திகை நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று அவளிடமே கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாமியாரை அவசியம் அழைத்துப் போகலாம். நீங்கள் பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கினால், அது நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், நகர நெரிசலுக்குள் நுழையாமலே சிந்தாமணி வழியாக மதனபள்ளிக்குப் போய்விடலாம். அந்தப் பாதையில் ஏற்ற வளைவுகளும் குறைவு. கும்பகோணத்திலிருந்து வருகிறவரைத் திருப்பதி வரை ரயிலில் வரச் சொல்லி அங்கிருந்து காரில் அழைத்துப் போவது இன்னொரு வழி. திருப்பதியிலிருந்து மதனபள்ளி ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவுதான், பேத்தியோடு சேர்த்துப் பெருமாளையும் பார்த்தாயிற்று என்றால் எந்தப் பாட்டிக்கும் கால்வலி தெரியாது. பள்ளியின் விருந்தினர் இல்லத்தில் இடம் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இரவு நேரத்தில் போய் இறங்காதீர்கள்.

அங்கே மாலையில் பிள்ளைகள் கூடி, சூரியன் மறைவதைப் பார்த்தபடி பேசாமல் அமரும் ‘அஸ்தாசலம்’ என்ற வழக்கம் உண்டு. அந்த நேரத்தில் கைப்பேசியில் படம் எடுப்பதைத் தவிர்த்து நீங்களும் அமருங்கள். வறண்ட பாறைக்குன்றுகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் பள்ளியே மரங்களை வளர்த்து, நீரைத் தேக்கிப் பசுமையாக்கியிருக்கிறது. 1991-இல் அது பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. வேறெங்கும் எளிதில் காண முடியாத மஞ்சள் தொண்டைச் சின்னானை அங்குள்ள பாறைச் சரிவுகளில் பார்க்கலாம். காலை நடைக்கு மகள் உங்களை அழைத்தால், தூக்கத்தை விட்டுவிட்டு எழுந்து போங்கள்.

கேள்வி: நான் குவைத்தில் ஓட்டுநராக இருக்கிறேன். உதவித்தொகை கிடைத்ததால் மகன் கொடைக்கானலில் ஓர் உறைவிடப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். எனக்கு அடுத்த ஆண்டுதான் விடுப்பு. மனைவி தேவகோட்டையில் இருக்கிறார். ‘எல்லோரும் ஆங்கிலம் பேசுகிற இடம், காரில் வருகிற பெற்றோர், நான் எப்படிப் போய் நிற்பது’ என்று தயங்குகிறார். என் தம்பியை அனுப்பலாமா?
- ஒரு வாசகர், குவைத்

பதில்: தம்பி துணைக்குப் போகலாம், ஆனால் உங்கள் மனைவி போவதுதான் முறை. தந்தை கடல் கடந்து இருக்கும்போது, தாய் உள்நாட்டில் இருந்தும் வரவில்லை என்றால் பையன் அதற்குத் தானாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்வான். தன் பள்ளியைப் பார்த்து அம்மா கூச்சப்படுகிறார் என்றோ, அம்மாவை அங்கே காட்டத் தான் கூச்சப்பட வேண்டும் என்றோ அவனுக்குத் தோன்றிவிடக் கூடாது.

மொழியைப் பற்றிய தயக்கத்தைப் போக்குவது எளிது. எவ்வளவு ஆங்கிலம் பேசும் பள்ளியானாலும் காவலாளி, சமையலறைப் பணியாளர், அலுவலகப் பணியாளர் எனப் பலரும் அந்த வட்டாரத்துத் தமிழர்களாகவே இருப்பார்கள். மனைவி வரும் நாளைக் குறிப்பிட்டு, தமிழ் பேசும் ஆசிரியர் ஒருவர் உடனிருந்து மகனைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் பள்ளிக்கு எழுதுங்கள். மகனையே மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம்: தன்னைப் பற்றிய குறையை அவன் விழுங்கிவிடுவான், பாராட்டையும் கூச்சத்தால் சுருக்கிவிடுவான். ஆசிரியரைச் சந்திக்கும் நேரத்தை முன்பே குறித்துக்கொண்டால் நீங்களும் தொலைபேசியில் சேர்ந்துகொள்ளலாம். இந்திய நேரம் பகல் பன்னிரண்டு மணி உங்களுக்குக் காலை ஒன்பதரை. அந்த அரை மணி நேரம் வண்டியை ஓரம் கட்ட முடியுமா என்று உங்கள் முதலாளியிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

காரில் வருகிறவர்களைப் பற்றி உங்கள் மனைவி கவலைப்பட வேண்டாம். அவர்களில் பலர் பிள்ளையோடு இருக்கும் நேரத்தில் பாதியை உணவு விடுதியில் இடம் பிடிப்பதிலும் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலும் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் செய்த முறுக்கோ அதிரசமோ ஒரு டப்பா நிறையக் கொண்டு போகட்டும். டார்மிட்டரியில் அதற்கு இருக்கும் மதிப்பு கடையில் வாங்கிய எதற்கும் கிடையாது. சமைத்த சோறு, குழம்பு ஆகியவற்றை உள்ளே கொண்டுபோக விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தேவகோட்டையிலிருந்து மதுரை வந்து, ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் பேருந்தில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் பற்றிய கவலை இல்லை. ஒரே நாளில் போய்த் திரும்புவது உடம்புக்கு ஆகாது. முதல் நாள் மதுரையில் உறவினர் வீட்டில் தங்கி, விடியற்காலைப் பேருந்தில் மலையேறி, பிற்பகல் மூன்று மணிக்குள் இறங்கும் பேருந்தைப் பிடித்துவிட்டால் இருட்டும் முன்பே மலைப்பாதையைக் கடந்துவிடலாம். மே மாதத்தில் மட்டும் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் பேருந்து எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.