ஆடாதோடைக் காய்ந்த இலையும் இருமல் கஷாயமும்: கேள்வி பதில்

மழை பிடித்ததும் வீட்டுக்கு வீடு இருமல். ஆடாதோடை இலையைக் காயவைத்துப் பயன்படுத்துவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பழக்கமானதைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, இலையை மொட்டை மாடி வெயிலில் போட்டேன். இரண்டே நாளில் வைக்கோல் நிறமாகிவிட்டது. ஆகுமா?

பதில்: அதை உரக்குழியில் போட்டுவிடுங்கள். இதை நிழலில்தான் உலர்த்த வேண்டும். பூச்சி அரிக்காத முற்றிய இலையாகப் பறித்துக் கழுவி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் முறத்தில் பரப்புங்கள். தினமும் புரட்டிவிடுங்கள். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். நடு நரம்பை மடித்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பட்டென்று ஒடிந்தால் டப்பாவில் போடலாம். போன ஐப்பசியில் அவசரப்பட்டு மூடி, ஒரு பாட்டில் இலையைப் பூஞ்சைக்குக் கொடுத்தவள் நான்.

கேள்வி: பச்சை இலை என்றால் இரண்டு மூன்று போடுவோம். காய்ந்தது எவ்வளவு?

பதில்: நொறுக்கியது ஒரு தேக்கரண்டி, நாலு மிளகு, இரண்டு டம்ளர் தண்ணீர். அரை டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டி, ஆறிய பிறகு தேன். பெரியவர்களுக்கு இதையே காலையும் மாலையுமாகப் பிரித்து, மூன்று நாள். சிலர் அதிமதுரம் சேர்ப்பார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள். சீக்கிரம் கேட்கட்டும் என்று இலையைக் கூட்டினால் வாந்திதான் வரும். ஆடுகூடத் தொடாத கசப்பு, பெயரே அப்படி வந்ததுதானே!

கேள்வி: “எல்லாம் பாட்டி வைத்தியம்” என்று என் மகன் கேலி செய்கிறான்.

பதில்: இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். புரோம்ஹெக்சின் அல்லது அம்ப்ராக்சால் என்று இருந்தால், அதன் பூர்வீகம் இந்த இலைதான். இதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து உருவாக்கியது புரோம்ஹெக்சின். அம்ப்ராக்சால் அதன் வழி வந்தது. அதற்காகக் கஷாயமும் சிரப்பும் ஒன்றாகிவிடாது. கட்டிய சளியை இளக்கத்தான் நான் இதைப் போடுவேன். வறட்டு இருமலுக்குப் போடுவதில்லை.

கேள்வி: மருமகள் ஐந்து மாதம். கொஞ்சமாகத் தரலாமா?

பதில்: கூடாது. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் குணம் இதற்கு உண்டு. ஆடாதோடை மணப்பாகும் (இனிப்புப் பாகாகக் காய்ச்சிய சித்த மருந்து) வேண்டாம். கைக்குழந்தைக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேனும் ஆகாது.

கேள்வி: நான் அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே முல்லின் இலையை இருமலுக்குக் குடிக்கிறார்கள். சாலையோரத்தில் நிறைய வளர்கிறது. பறிக்கலாமா?

பதில்: பறிக்காதீர்கள், கடையில் வாங்குங்கள். பூக்காத பருவத்தில் பாக்ஸ்குளோவ் செடியின் இலையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அது இதயத்தைப் பாதிக்கும் விஷம். முல்லின் இலை முழுக்கப் பஞ்சு போன்ற ரோமம். டீ வடிகட்டியில் நிற்காது, தொண்டையை அறுக்கும். நல்ல துணியை மடித்து வடிகட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல், சாயங்காலம் லேசான காய்ச்சல். கஷாயத்தை எத்தனை நாள் தொடரலாம்?

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். நாளைக் காலையே அழைத்துப் போங்கள்.